பொதியன் கரைந்த பிறகு

மகன்,

கொழும்பில் கூட்டாளியின் கல்யாணத்தில் இனிப்பாக நிறையச் சாப்பிட்டிருப்பாய், இனிக் கொஞ்சம் உறைப்பாகவும் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். போகும்போது பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "அம்மா, நான் வந்து அந்தக் கனடாக்காரருக்கு வரேல்லை எண்டு எழுதிப் போடுறன், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றாய். யோசிக்காதேங்கோவாம்! பேசாலைச் சந்தியில் நாலு பேர் பார்க்க உன்னை இழுத்து இறக்கி ஏசியிருப்பேன், அதற்குள் கொண்டக்டர் பெல்லை அடித்துவிட்டான். போனில் சொல்லலாமென்றால் நான் குரலை உயர்த்தியதும் உனக்குக் கவரேஜ் போய்விடும். ஆகவே பேனையை எடுத்தேன். செல்வியின் மகள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். கடைசிப் பக்கம் வரை வாசித்து முடிக்காமல் எனக்குப் போன் எடுக்காதே.

விஷயத்தை முதலில் நேராகவே சொல்லி வைக்கிறேன். கொம்பியூட்டர் விளையாட்டுச் செய்கிற ஒரு கம்பனி, நம் விறாந்தையில் இருந்து நீ வரைந்து அனுப்பிய வேற்றுக்கிரக ஒட்டுண்ணியைப் பார்த்துவிட்டு, மொன்றியலுக்கு வா, வந்து அந்தக் கிரகம் முழுவதையும் எங்களோடு இருந்து செய் என்று உன்னைக் கூப்பிடுகிறது. நீ போகமாட்டேன் என்கிறாய். அப்பா இல்லை, அம்மா தனி, கடற்கரையில் கடலட்டை அவித்துக் காயவைக்கிற வாடியைத் தனி மனுசி எப்படி நடத்துவது என்பது உன் நியாயம். கேட்கிறவர்களுக்கு அருமையான பிள்ளை என்று தோன்றும். எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. ஏன் என்று சொல்வதற்கு அந்த ஒட்டுண்ணியிலிருந்து, உன்னுடைய நூனியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நூனியை நீ முதன்முதலில் வரைந்து சுவரில் ஒட்டிய நாளில் செல்வி அறையைக் கூட்ட வந்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு விளக்குமாற்றோடு வெளியே ஓடிவிட்டாள். நறுவிலிக்குளத்திலிருந்து பேசாலைக்கு வாழ வந்து, பாம்பு பல்லி எதற்கும் அஞ்சாமல் என்னோடு வாடியில் நிற்கிற மனுசி அவள். "அக்கா, தம்பீட அறைக்குள்ள என்னமோ இருக்குது, சுவாமியக் கூட்டியாந்து தீர்த்தம் தெளிக்கச் சொல்லுங்க" என்றாள். நான் போய்ப் பார்த்தேன். கொக்கி மாதிரி வளைந்த உடம்பு, சுற்றிவரச் செவுள் செவுளாகத் தொங்கல், கண்ணென்று சொல்ல ஒன்றுமில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே, நீ பக்கத்தில் நின்று பெருமையோடு சிரித்துக்கொண்டிருந்தாய். அது மிருகத்தின் மூளைக்குள் புகுந்து இரண்டு நாளில் தின்று முடித்து, செத்த உடம்பை வண்டி மாதிரி ஓட்டித் திரியும் என்றாய். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இவ்வளவு பெரிய மிருகத்தை ரெண்டு நாளில திண்டு முடிச்சால், மூண்டாம் நாள் அது என்னத்தைத் தின்னும்?" நீ கோபித்துக்கொண்டாய். "பயப்பிடுத்துறதுக்கு வரைஞ்சால் நீங்கள் அரிசிக் கணக்குப் பாக்கிறியள்" என்று கதவைச் சாத்தினாய். கம்பனியிலிருந்து வந்த பதிலும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது என்று பிறகு நீயே ஒத்துக்கொண்டாய். ஒட்டுண்ணி நன்றாயிருக்கிறது, அது தங்குகிற மிருகம் வெறும் இறைச்சிப் பொதியாக இருக்கிறது, அதற்கு என்ன வேண்டும் என்று முதலில் யோசி என்று எழுதியிருந்தார்களாம்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அப்படித் தங்கவிடுகிற உயிருக்கு விருந்து வழங்கி என்று பெயர். கேளாமல் உள்ளே புகுந்து இருந்து தின்கிறவனுக்கு நாம் விருந்து வழங்குகிறோமாம். அந்தப் பெயரை வைத்தவரின் வீட்டில் மச்சான்மார் நிறையப் பேர் வந்து தங்கியிருப்பார்கள். நீ அந்த விருந்து வழங்கியைத் தேடி மன்னார் பஸ் ஸ்ராண்டுக்குப் போய், கழுதைகளுக்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு திரிந்தாய். உன் மகனுக்கு என்ன பிடித்தது என்று மீன் கடையில் என்னைக் கேட்டார்கள். அவர் வேற்றுக்கிரகத்து மிருகம் செய்கிறார், அதற்கு நடை பழக்குகிறார் என்றேன். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. கழுதைகள் ஹோர்ன் அடித்தாலும் அசையாமல் நடுறோட்டில் நிற்பதையும், ஒன்று நகர்ந்தால் மற்றவையும் மெல்ல நகருவதையும் பார்த்துத்தான் உனக்குப் பொதியன் வந்தான். லொறி அளவு உடம்பு, ஆறு கால், கண் கிடையாது, உப்பு வெளியில் வரிசையாக நடக்கும். முன்னால் போவது ஒரு குரல் கொடுத்தால் பின்னால் வருவது பதில் கொடுக்கும். தன்னை விட்டுவிட்டு வரிசை போய்விடக் கூடாது, அவ்வளவுதான் பொதியனுக்கு வேண்டியது. நீ அதைச் சொன்னபோது தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டேன். மிருகம் சரியாக வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

நூனிக்கு வீடும் பிறகு எளிதாகக் கிடைத்தது. கடலட்டையை வெட்டும்போது சில வேளை அதன் பின்பக்கத்திலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய மீன் நழுவி விழும், நீயும் எத்தனையோ தரம் கண்டிருக்கிறாய். அட்டையின் குடலுக்குள் குடியிருந்து, பசித்தால் வெளியே போய் மேய்ந்து, வால் முன்னுக்காகத் திரும்பவும் அதே வழியால் உள்ளே போகிற மீன். அட்டை பிடிக்கிற சுழியோடிகள் அதை வைத்துச் சொல்லுகிற பகிடிகளைக் கடிதத்தில் எழுத முடியாது. நீ அதைப் பார்த்துவிட்டு நூனியைப் பொதியனின் தொண்டைக்குள் குடிவைத்தாய். விழுங்குகிற ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பதிலுக்கு என்ன கொடுக்கும் என்று கேட்டேன். "ஒட்டுண்ணி எண்டால் ஒண்டும் குடுக்காது அம்மா. குடுத்தால் அதுக்கு வேற பேர்" என்றாய். சரி, அது உன் துறை, வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு நடந்ததற்கு நான் இன்றைக்கும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. பொதியனைக் குளத்துக் களிமண்ணில் செய்து, தொண்டையைக் குடைந்து, ஃபைபர் படகு திருத்துகிற றெசினில் வார்த்த நூனியை அதற்குள் வைத்து மூடினாய். சுடவில்லை, வெயிலில் காயட்டும் என்று வைத்தாய். எங்கே வைத்தாய்? மணலுக்குள் புதைத்துக் கிளறி எடுத்துத் தேய்த்துக் கழுவிய அட்டைகள், இரண்டாம் அவியலுக்குக் காத்துக் கிடக்கிற பாயில். அதே நிறம், அதே நீளம், அதே சுருக்கம். உலகத்தில் வேறு எந்தத் தாயும் தன் பிள்ளையின் வேற்றுக்கிரக மிருகத்தை அட்டையென்று நினைத்து அவித்திருக்க மாட்டாள், ஆனால் உலகத்தில் வேறு எந்தப் பிள்ளையும் அதைக் கொண்டுபோய் அந்தப் பாயில் வைத்திருக்கவும் மாட்டான். செல்வி கூடையில் அள்ளித் தந்தாள், நான் பார்க்காமல் கொதிதண்ணீர்க் கிடாரத்தில் கொட்டினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மண்ணிறமாகப் பொங்கியது. "அக்கா, அட்டை கரையுது!" என்று அவள் கத்த, நீ ஓடி வந்தாய். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, அதோடு சிரிப்பும் வந்துவிட்டது. "ஏன் அம்மா சிரிக்கிறியள்? நான் எவ்வளவு பாடுபட்டனான்!" என்று நீ கத்தினாய். சிரித்தது உண்மைதான். சேறு படிந்த அட்டைகளை முழுவதும் திரும்பக் கழுவியவர்களும் நானும் செல்வியும்தான்.

தண்ணீரை ஊற்றிவிட்டுப் பார்த்தபோது கிடாரத்தின் அடியில் நூனி தனியாகக் கிடந்தது. ஒரு சிராய்ப்புக் கூட இல்லை. பொதியன் எங்கும் இல்லை. நீ அதைக் கையில் எடுத்து, கோபத்தை மறந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாய். தங்கியிருந்த உடம்பு போன பிறகு இது என்ன செய்யும் என்று அதுவரை நீ யோசித்ததே இல்லை. அன்று மத்தியானம் சோறும் தின்னாமல் நீ வரைந்த பக்கத்தைப் பார்த்துத்தான் கம்பனி உன்னைக் கூப்பிட்டது. உப்பு வெளி, செத்து இற்றுப்போன பொதியனின் எலும்புகள், அவற்றுக்கு நடுவில் கைப்பிடி அளவு நூனி. தொண்டைக்குள் இருந்து பழகிய அந்தச் செத்தவனுடைய குரலில் அது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. தூரத்தில் போகிற வரிசை, நம் ஆள் இன்னும் இருக்கிறான் என்று நம்பிப் பதில் கொடுக்கிறது. குரல் வற்றும் வரைக்கும் கூப்பிடும், பிறகு உப்பு மூடிவிடும் என்று கீழே எழுதியிருந்தாய்.

அந்தப் படத்தை நான் நெடுநேரம் பார்த்தேன். "இது நானோ மகன்?" என்று கேட்டேன். நீ கொம்பியூட்டரைத் திருப்பிக்கொண்டு, "கதை தானே அம்மா" என்றாய். பொய் சொல்ல உனக்கு இன்னும் பழகவில்லை.

உன் அப்பா இருந்த காலத்தில் காய்ந்த அட்டை வாங்குகிற முதலாளிமார் போன் எடுத்தால், "அவரிட்டக் கேட்டுச் சொல்லுறன் தம்பி" என்று வைத்துவிடுவேன். அவரிடம் நான் ஒன்றும் கேட்பதில்லை. அவர் கடலால் வந்த களைப்பில் சாய்மனைக் கதிரையில் வாயைத் திறந்துகொண்டு நித்திரையாக இருப்பார். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்ப எடுத்து, "அவர் இந்த விலைக்கு ஓமெண்டுறார் இல்லை" என்பேன். எங்கள் இருவருக்கும் அது ஒரு விளையாட்டு. நெஞ்சு வலியென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வராமல் விட்ட பிறகும் நான் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். "அவரிட்டக் கேட்டுச் சொல்லுறன்." தூர இடத்து முதலாளிக்கு அவர் செத்தது தெரியாது. ஆம்பிளை இல்லாத வாடி என்று தெரிந்தால் மிதிப்பார்கள் என்று பயம். அதை நீ விறாந்தையில் இருந்து கேட்டாய், ஒரு நாள் அல்ல, பல நாள் கேட்டாய். செத்த அப்பாவின் குரலில் அம்மா கூப்பிட்டுக்கொண்டிருக்கிறா, நான் போனால் அந்தக் குரலும் வற்றிவிடும் என்று முடிவு செய்துவிட்டாய். அதனால்தான் மொன்றியல் வேண்டாம் என்கிறாய். உன் படத்தைப் பார்த்தால் உன் மனம் எனக்குத் தெரியாதா?

அந்தப் படம் அருமையான படம், மகன். ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது. நீ மன்னாருக்குப் போயிருந்த ஒரு நாள், அதே முதலாளி போனில், "எந்த நாளும் அவரைக் கேக்கோணும் அவரைக் கேக்கோணும் எண்டுறீங்க அக்கா, இண்டைக்கு அவரையே குடுங்க, நான் கதைக்கிறன்" என்றான். என் கையில் அட்டை தேய்க்கிற தும்பு, முன்னால் கிடாரம் கொதிக்கிறது, செல்வி என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தும்பைக் கீழே வைத்தேன். பிறகு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "அவர் செத்துப் போனார் தம்பி. போன மாரிக்கு முந்தியே செத்திட்டார். இது என்ர அட்டை, என்ர விலை. வேணுமெண்டால் எடுங்கோ, வேண்டாமெண்டால் விடுங்கோ" என்றேன். "சரி அக்கா" என்றான். அவ்வளவுதான். நான் போனை வைத்துவிட்டு மண்ணில் இருந்துவிட்டேன், செல்விதான் கிடாரத்தைக் கிளறினாள். அடுத்த முறை நின்றபடியே கதைத்தேன். இப்போது அவனோடு சண்டை பிடிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. நீ இதை அறியவில்லை, நானும் சொல்லவில்லை, புருசன் செத்ததை வாய்விட்டுச் சொல்ல இத்தனை காலம் பிடித்ததே என்று எனக்கு வெட்கம். இப்போது சொல்லுகிறேன். உன் நூனியை உப்பு மூடவில்லை. அது தன் சொந்தக் குரலில் கத்திப் பார்த்தது, குரல் வந்தது. அங்கே போய் அந்தப் பக்கத்தைத் திருத்து. வேண்டுமானால் அதற்கு இரண்டு காலும் போட்டு வரை, முழங்கால் நோகிற காலாக இருந்தாலும் பரவாயில்லை.

நீ என்னைச் சுமக்கப் போகிறேன் என்கிறாய். இருபத்தைந்து வயது கடந்தும் என் சட்டியில் சாப்பிட்டு என் கூரையின் கீழ் படுத்தவன் நீ. உண்ணி மாட்டைச் சுமந்ததென்று எந்த ஊரில் கேட்டிருக்கிறாய்? கோபிக்காதே, பகிடிதான். நீ வயிற்றுக்குள் இருந்தபோது என் பல்லிலிருந்து சுண்ணாம்பைக் கூட உறிஞ்சினாய் என்று டொக்டர் சொன்னார், எனக்கு அது சந்தோசமாகத்தான் இருந்தது. உன் சொல்லின்படி கொடுத்து வாங்கினால் அதற்கு வேறு பெயர்தானே, நமக்குள் நடந்தது அந்த வேறு பெயர்தான். ஆனால் தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள். உன் பசி கிரகங்கள் செய்கிற பசி. அதற்கு இந்த வீட்டில் சாப்பாடு இல்லை. அதை அடக்கிக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாயானால், இன்றைக்கில்லாவிட்டாலும் நாளைக்கு என்னைப் பார்க்கிறபோதெல்லாம் உனக்கு மொன்றியலுக்கு மூடின கதவு ஞாபகம் வரும். பிள்ளையின் உள்ளுக்குள் இருந்து அவனைத் தின்கிற அம்மாவாக என்னை ஆக்கிவிடாதே. எனக்கு அது வேண்டாம், எனக்குப் பிடிக்கவும் இல்லை.

போகிற இடத்தில் எப்படி இருப்பது என்று உனக்கு நான் சொல்லித் தர முடியாது, நான் பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் தாய் கடிதம் எழுதிப் புத்தி சொல்லாமல் விட்டால் ஊர் சிரிக்கும். யாரைச் சந்தித்தாலும், உன் மேலாளராக இருந்தாலும், பொதியனைப் பற்றிக் கேட்ட கேள்வியைக் கேட்டுப்பார், இவருக்கு என்ன வேண்டும் என்று. பாதிச் சண்டை அதில் தீரும். கதவு தட்டுகிற எல்லோருக்கும் விருந்து வழங்கியாக இராதே, நம் ஊர்ப் பெடியன்கள் ஒரு கட்டிலில் நாலு பேர் வந்து படுப்பார்கள், ஒருவன் போதும். சமைக்கப் பழகு, குழம்பு தண்ணியாக இருந்தாலும் உன் குழம்பாக இருக்கட்டும். ஒரு பெண்ணை விரும்பினால் சொல்லு, எந்த நாட்டுப் பிள்ளையானாலும் நான் முகம் சுளிக்க மாட்டேன், ஆனால் அவளுடைய குரலில் நீ பேசாதே, உன் குரலில் அவளைப் பேச வைக்காதே. உன் அப்பாவின் பெயரைச் சொல்லி நான் ஒளிந்திருந்த காலத்தில் எவ்வளவு களைப்பாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். கோவிலுக்குப் போ என்று சொல்லமாட்டேன், போவாய் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு ஒவ்வொரு நாளும் போன் எடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை எடு, எடுத்தால் ஆறுதலாகக் கதை.

நான் தனி என்று நினைக்காதே. செல்வி இருக்கிறாள், காலையில் எனக்கு முதலே வாடியில் வந்து நிற்கிறாள். முழங்கால் நோவுக்கு எண்ணெய் இருக்கிறது. சண்டை பிடிக்க முதலாளி இருக்கிறான். தனிமை வராதென்று சொல்லவில்லை. வரும். பின்னேரத்தில், விளக்குப் போடுகிற நேரத்தில் வரும், உன்னைத் தேடும், எனக்கு நீ என்றால் உயிர். அதைத் தாங்குகிற வேலை என்னுடையது, உன்னுடையதல்ல.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்லுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு நியமனம் கிடைத்து மட்டக்களப்பிலிருந்து ஒரு ரீச்சர்ப் பிள்ளை வந்திருக்கிறாள். தங்க இடமில்லாமல் தகப்பனோடு வீடு வீடாகத் தேடித் திரிந்து நம் படலைக்கு வந்தார்கள். "என்ர மகன் கனடாவுக்குப் போறார், அவற்ற அறை சும்மாதான் கிடக்கப்போகுது, வந்து இரு பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். உன் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். படங்களை ஒன்று கூடக் கிழியாமல் கழற்றி, சுருட்டி, குழாய்க்குள் போட்டு வைத்திருக்கிறேன். பதில் எழுதக் கம்பனி தந்த தவணை முடிய இன்னும் நாள் இருக்கிறது, ஓம் என்று எழுதி அனுப்பு. அறையைக் கூட்டும்போது அழுதேன், மகன். நன்றாக அழுதேன், செல்வி விளக்குமாற்றை வாங்கி மிச்சத்தைக் கூட்டினாள். நீ வந்தால் புறப்படும் வரைக்கும் விறாந்தையில் பாய் போட்டுத் தருவேன். அறைக்குள் போகலாம் என்று நினைக்காதே. அந்தப் பிள்ளை ஞாயிறு பூசை முடிய வருகிறாள், அறைப் பூட்டின் திறப்பை நேற்றே அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

அம்மா